ஆடியில் மறைத்ததை ஆவணியில் விற்றீர்கள்: மடிக்கணினி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மடிக்கணினி நிறுவனத்தின் இந்தியத் தலைமை அலுவலகத்துக்கும் கோவை மண்டல விற்பனைப் பிரிவுக்கும்,

சென்ற ஆடித் தள்ளுபடியில் நீங்கள் நீலகிரிக்காரர்களுக்கு விற்ற லேப்டாப், அடுத்த மாதமே கடையிலிருந்து நீங்கள் எடுக்கப்போகிற மாடல். அது உங்களுக்குத் தெரியும். வாங்கிய எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்காமல் இருந்ததால் தெரியாமல் போகவில்லை. கேட்டோம். கேட்டவர்களுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் "நம்மைச் சொல்லவில்லை" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். பில் எண்ணும் சீரியல் எண்ணும் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், வருமானச் சான்று, பி.எஃப், கல்லூரி விண்ணப்பம் என்று சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது மலைக் கிராமங்களிலிருந்து, தினமும் ஆட்கள் வருவார்கள். அவர்களில் யார் லேப்டாப் வாங்குவதாக இருந்தாலும் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கோவைக்கு இறங்குவார்கள். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, இங்கே பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அண்ணன் படித்து, தங்கை படித்து, பிறகு அம்மா மகளிர் குழுக் கணக்குப் பார்த்து, ஒரே லேப்டாப் ஒரு குடும்பத்தையே தாங்கியது. ஓட்டம் குறைந்தால் ரேம் என்கிற நினைவகத்தை ஏற்றினோம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி போட்டோம், பேட்டரி மாற்றினோம். மலைக்காரர்கள் பொருளை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள இது உங்களுக்கு உதவும். வருடம் ஒன்று மாற்றுகிறவர்கள் நாங்கள் அல்ல.

அந்தப் பழைய லேப்டாப்புகளுக்கு முடிவு தேதி வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு நிற்கும் என்று மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 போடுவதென்றால் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். பழைய அரசு லேப்டாப்புகள் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. அதனால் சென்ற ஆண்டு ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் லேப்டாப் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆசைப்பட்டு வாங்கவில்லை, வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். கவனியுங்கள், ஒரு மென்பொருளின் கடைசி நாளைப் பல ஆண்டுகள் முன்னதாகச் சொல்ல ஒரு நிறுவனத்தால் முடிகிறது. ஒரு மாடலின் கடைசி மாதத்தை ஒரே மாதம் முன்னதாகச் சொல்ல உங்களால் முடியவில்லை.

என் மகள் கோவையில் சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்தாள். கல்லூரி திறப்பதற்கு முன் லேப்டாப் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜூலை கடைசியில் இருவரும் போனோம். உங்கள் பெயர் பொறித்த டி-ஷர்ட் போட்ட தம்பி ஒருவர்தான் எல்லாவற்றையும் காட்டினார். எனக்கு இந்தத் தொழில் கொஞ்சம் தெரியும் என்பதால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்த மாதம் முந்தைய ஆண்டு.

"தம்பி, இது பழைய சரக்கா? அடுத்த மாடல் வருதா?"

"இல்ல சார், இதுதான் லேட்டஸ்ட். இன்னும் ஒரு வருஷத்துக்கு மாத்தமாட்டாங்க. ஆடி ஆஃபர் வேற ஓடுது, இந்த விலை அப்புறம் வராது."

"எட்டு ஜிபிதானே இருக்கு. அவ கட்டட டிராயிங் எல்லாம் போடணும். பின்னாடி ரேம் ஏத்திக்கலாமா?"

"தாராளமா ஏத்திக்கலாம் சார்."

52,990 ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை, மாதம் 4,416. என் மனைவி வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த லேப்டாப்பின் விலை 2,650 கிலோ இலை. பறிக்கிற கூலி, உரம், லாரி வாடகை எதையும் இதில் கழிக்கவில்லை. உங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் நீலகிரி விற்பனை ஒரு சிறிய எண்ணாக இருக்கும். இங்கே அந்த எண்ணுக்குள் எவ்வளவு இலை இருக்கிறது என்று யாராவது ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கை எழுதினேன்.

ஆவணியில் அடுத்த மாடலை இறக்கினீர்கள். விலை 53,990. ஆயிரம் ரூபாய்தான் கூட. 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி ரேம். நிறம் சரியாகத் தெரிகிற, வெளிச்சம் கூடிய திரை. டைப்-சி சார்ஜர். பெயரில் மாற்றம் ஒரே ஒரு எழுத்து. அதே வாரம், என் மகள் வைத்திருக்கிற மாடலை "ஸ்டாக் கிளியரன்ஸ்" என்று அட்டை மாட்டி 44,990-க்கு வைத்தார்கள். அப்போது தவணையில் பெரும்பகுதி பாக்கி. கடையில் எட்டாயிரம் குறைந்துவிட்ட ஒரு பொருளுக்கு நாங்கள் பழைய விலையிலேயே மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம். எட்டாயிரம் என்பது 400 கிலோ இலை.

"லேப்டாப் என்றால் புதிது வந்துகொண்டேதான் இருக்கும், அதற்கெல்லாம் வருத்தப்பட்டால் யாருமே வாங்க முடியாது" என்று எனக்கு நிறையப் பேர் சொன்னார்கள். அது உண்மைதான். இரண்டு வருடம் கழித்து இதைவிட நல்லது வந்திருந்தால் நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். வாங்கிய மறுநாளே வந்திருந்தாலும், உங்களுக்கே அது தெரியாமல் இருந்திருந்தால், வருத்தத்தை நானே வைத்துக்கொண்டிருப்பேன். தொழில்நுட்பம் முன்னேறுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். பணம் கட்டுகிற நேரத்தில் எதிரெதிரே நிற்கிற இருவரில் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். அந்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தியாவில் ஒரு லேப்டாப் மாடலை விற்பதற்கு முன் சோதனைக்கூடத்தில் சோதித்து, இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்-ஸில் பதிவு செய்தாக வேண்டும்; மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-லிருந்து இருக்கிறது. வெளிநாட்டில் செய்து கொண்டுவருவதென்றால் 2023 நவம்பர் 1 முதல் இறக்குமதிக்கு முன் அனுமதியும் வாங்க வேண்டும் என்று விதி வந்தது. இத்தனையும் முடித்து, கப்பலில் ஏற்றி, கிடங்கில் இறக்கி, கோவைக் கடைக்கு வந்து சேர்வது ஒரு வாரத்து வேலை அல்ல.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சான்று என் கண்ணாலேயே பார்த்தேன். என் மகளோடு படிக்கிற பெண் செப்டம்பரில் அந்தப் புது மாடலை வாங்கினாள். விடுதியில் அந்தப் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரை என் மகள் படம் எடுத்து அனுப்பினாள். விலை, இறக்குமதியாளர் முகவரி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் தயாரித்த மாதம்: ஜூன். என்னிடம் "அடுத்த மாடல் வராது" என்று சொன்ன நாளில் அடுத்த மாடல் பெட்டிக்குள் போய் ஒட்டி முடிந்திருந்தது. அந்தப் படமும் என் பில்லும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கின்றன.

ரேம் விஷயத்துக்கு வருகிறேன். ஆவணிக்குப் பிறகு, சரி, புதிதை விடு, இருப்பதற்கு இன்னொரு எட்டு ஜிபி போட்டுவிடலாம் என்று நினைத்தேன். தீபாவளி விடுமுறைக்கு மகள் வந்தபோது கடை மேசையில் வைத்து அடிமூடியைத் திறந்தேன். எட்டு ஜிபியும் மதர்போர்டிலேயே ஒட்டி வைத்த சிப். அதற்குப் பக்கத்தில், ரேமைச் செருகும் ஸ்லாட் உட்கார வேண்டிய இடம் அப்படியே இருக்கிறது. நீளவாக்கில் வெள்ளைக் கோட்டில் அதன் வடிவம் அச்சாகியிருக்கிறது, கால்கள் பொருந்த வேண்டிய புள்ளிகள் வரிசையாக மின்னுகின்றன, இரண்டு பக்கமும் கொக்கி நிற்பதற்கான துளை கூட இருக்கிறது. ஸ்லாட் மட்டும் இல்லை. போர்டை வரைந்தவர் இடம் விட்டிருக்கிறார். பிறகு யாரோ அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் மகள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பண்ணிட்டு அத மட்டும் ஏன்ப்பா விட்டாங்க?" என்றாள். பதில் என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

ரேமைப் போர்டில் ஒட்டுவதற்கு நியாயமான காரணமும் உண்டு என்று எனக்குத் தெரியும். எல்.பி.டி.டி.ஆர் வகை நினைவகம் பிராசசருக்கு மிக அருகில் இருக்க வேண்டும், அதனால் வேகம் கூடும், பேட்டரி மிச்சமாகும், லேப்டாப் மெலியும். அப்படி ஒரு மெல்லிய லேப்டாப்பை வாங்கினால் அதை ஏற்றுக்கொண்டு வாங்கலாம். ஆனால் இது அந்த வகை அல்ல. காலி இடத்தோடு நிற்கிற போர்டு. ஒருவேளை செலவைக் குறைப்பதற்காகவே விட்டிருந்தாலும், "இதில் ரேம் கூட்ட முடியாது" என்று பெட்டியில் ஒரு வரி போட என்ன செலவு? "8 ஜிபி" என்று பெரிதாக அச்சடித்த அதே இடத்தில் அந்த வரிக்கும் இடம் இருந்தது.

எட்டு ஜிபி போதாதா என்று கேட்பீர்கள். கடிதம் அடிக்க, படம் பார்க்கப் போதும். இவளுக்குப் போதாது. இந்த லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் நினைவகம் கிடையாது, திரைக்கான நினைவகமும் இந்த எட்டிலிருந்தே போகிறது. விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மீதியில் வரைபட மென்பொருளான ஆட்டோகேட் திறந்தால், பாடத்தைப் பார்க்கத் திறந்து வைத்த பிரவுசரை மூட வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஒன்றைத் திருப்பிப் பார்க்க மவுஸை இழுத்தால் திரை ஒரு கணம் நின்று பிறகு நகர்கிறது. தொழிலே எந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் புதிய வகைக் கணினிகளுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி என்று வரையறுத்தது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஆப்பிள் தன் மேக்புக் ஏர் அனைத்துக்கும் தொடக்க நினைவகத்தை 16 ஆக்கியது, விலையைக் கூட்டவில்லை. எட்டின் காலம் முடிகிறது என்று தெரிந்துதான் எட்டுகளை முதலில் மலைக்கு அனுப்பினீர்கள் என்று நாங்கள் நினைத்தால் அதைத் தவறு என்று எப்படிச் சொல்வீர்கள்?

சார்ஜரும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளும் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற வேண்டும் என்று 2022-லேயே சட்டம் வந்துவிட்டது. உருண்டை முனை சார்ஜர் போகப்போகிறது என்பது உங்களுக்கு மூன்று வருடப் பழைய செய்தி. ஊர்ப் பக்கம் இது சின்ன விஷயம் அல்ல. எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒரு சீகை மரம் கம்பியில் சாய்ந்தால் ஹட்டிக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டைப்-சி இருந்தால் நல்ல பவர் பேங்க் ஒன்றை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கலாம். சார்ஜர் பழுதானால் கோத்தகிரியிலேயே வேறு ஒன்று கிடைக்கும். உங்கள் உருண்டை முனைக்கு மேட்டுப்பாளையம் தாண்ட வேண்டும்.

விற்ற தம்பிக்குப் பிறகு ஃபோன் செய்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். "சார், எங்களுக்கு வாட்ஸாப்ல லிஸ்ட் வரும். எந்த மாடலுக்கு இன்சென்டிவ் ஜாஸ்தின்னு மட்டும்தான் அதுல இருக்கும். ஏன்னு சொல்லமாட்டாங்க. புது மாடல் வந்து பெட்டி இறங்கினப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது" என்றார். சம்பளத்துக்காக நிற்கிற ஒரு பையனுக்கு உண்மையைச் சொல்லாமல், அவன் வாயால் எங்களுக்குப் பொய் சொல்ல வைத்திருக்கிறீர்கள். இதற்காகவும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அவன் மேல் நடவடிக்கை எடுத்துவிட்டு "சரிசெய்துவிட்டோம்" என்று எனக்கு எழுதாதீர்கள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவை தந்த பதிலோ ஒரே வரி: விலையும் அம்சங்களும் முன்னறிவிப்பின்றி மாறலாம். இந்த வரி பில்லின் பின்புறம் இருக்கிறது, படித்திருக்கிறேன். அறிவிக்காமல் மாற்றுவதற்கு அது உங்களுக்கு உரிமை தரலாம். வருகிறதா என்று கேட்டவனிடம் வரவில்லை என்று சொல்வதற்குத் தராது.

என்னுடையது ஒன்று மட்டும் அல்ல. கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒரு தம்பி, தனி கிராஃபிக்ஸ் உள்ள மாடலை அதே ஆடியில் உங்களிடம் வாங்கினார். அவருக்கும் இதே கதை, தொகைதான் பெரிது. பள்ளி ஆசிரியை ஒருவர் ஆன்லைனில் வாங்கினார். திருப்பிக் கொடுக்க ஏழு நாள் அவகாசம் என்று போட்டிருந்தது. பில் தேதியிலிருந்து ஏழு நாள். கூரியர் மலையேறி அவர் ஹட்டிக்கு வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் கழிந்திருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்து, குறை கண்டுபிடித்து, திரும்பக் கொடுக்கக் கோத்தகிரிக்கு வருவதற்குள் நாள் முடிந்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கூரியரே வராது. கோவைக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே ஏழு நாள் என்பது பார்வைக்குச் சமம், நடைமுறையில் எங்களுக்கு இரண்டு மூன்று நாள்தான். உங்கள் சர்வீஸ் சென்டர் மலையில் எங்கும் இல்லை. 33 கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை, டோக்கன், காத்திருப்பு, மறுபடி ஏற்றம். தேயிலை பறிக்கிறவருக்கு அது ஒரு நாள் கூலி.

பெயர் வைக்கிற முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது அங்கேதான். பிராசசர் எண் பெரிதாக இருந்தால் புதிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏ.எம்.டி-யின் ரைசன் 5 7520யு-வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் 7 என்பதைப் பார்த்தால் புதிய வரிசை. உள்ளே இருப்பது ஜென் 2 வடிவமைப்பு, அது முதலில் வந்தது 2019-ல். மூன்றாவது எண்ணைப் பார்த்தால்தான் அது தெரியும். இப்படி ஒரு ரகசிய எண் முறையை பிராசசர் செய்கிறவர் வைக்கிறார், அதன் மேல் உங்கள் மாடல் பெயரில் ஒரே எழுத்தை நீங்கள் மாற்றுகிறீர்கள். தேயிலை விற்ற காசோடு வந்து நிற்கிற ஒரு அப்பா இதில் எதைக் கண்டுபிடிப்பார்? கோத்தகிரிச் சந்தையில் கேரட் விற்கிற அம்மா "இது நேத்து எடுத்தது, இது இன்னிக்கு எடுத்தது" என்று இரண்டு குவியலாகப் பிரித்து, விலையையும் பிரித்துச் சொல்வார். அவ்வளவுதான் நாங்கள் எதிர்பார்ப்பது.

முன்கூட்டியே சொன்னால் கையில் இருக்கிற சரக்கு தேங்கிவிடும் என்பது உங்கள் பயம். அந்தப் பயத்துக்கு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்போர்ன் என்ற நிறுவனம் 1981-ல் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை விற்று ஓகோ என்று வளர்ந்தது. அடுத்த மாடலைப் பற்றிக் கையில் வருவதற்கு வெகு முன்பே பேசியதால் பழையதை யாரும் வாங்கவில்லை என்றும், 1983 செப்டம்பரில் திவாலானது என்றும் இன்றுவரை வணிகப் பாடத்தில் சொல்கிறார்கள். ஆறு மாதம் முன்னதாக ஊரெல்லாம் அறிவியுங்கள் என்று நான் கேட்கவில்லை. சரக்கைத் தீர்க்க விலையைக் குறையுங்கள், அதை நாங்கள் விரும்பியே வாங்குவோம். 44,990 என்று அன்றைக்கே போட்டு, "இதற்கு அடுத்தது வருகிறது, இதில் ரேம் கூட்ட முடியாது" என்று சொல்லியிருந்தால், மின்னஞ்சல் பார்க்கவும் அரசுப் படிவம் நிரப்பவும் லேப்டாப் தேடுகிற எத்தனையோ பேருக்கு அது நல்ல பொருள். என் மகளுக்கு மட்டும் நான் காத்திருந்து அடுத்ததை வாங்கியிருப்பேன்.

வாங்கியவர்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பித் தருவது நடக்காத காரியமும் அல்ல. 2007 ஜூன் 29-ல் ஐஃபோன் முதலில் விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் 5-ல் விலையை 200 டாலர் குறைத்தார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, முன்பே வாங்கியவர்களுக்கு ஆப்பிள் கடையில் பொருள் வாங்கிக்கொள்ள 100 டாலர் வரவு தந்தார். அதனால் அந்த நிறுவனம் நொடித்துப்போகவில்லை. லேப்டாப்பிலேயே இன்னொரு வழியும் உண்டு: அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-லிருந்து விற்கிற லேப்டாப்பில், புதிய தலைமுறை வந்தால் போர்டை மட்டும் வாங்கிப் பழைய உடம்பிலேயே பொருத்திக்கொள்ளலாம். மனம் இருந்தால் செய்யக்கூடியவைதான் இவை.

சட்டமும் எங்கள் பக்கம் கொஞ்சம் பேசுகிறது. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, திறன், விலை பற்றித் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமை என்று சொல்கிறது. வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இப்போது இல்லை. நான் வசிக்கிற மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணமும் கிடையாது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நீங்களாகவே செய்தால் எல்லோருக்கும் நல்லது என்பதால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை.

ஒரு மாடலுக்கு அடுத்தது பி.ஐ.எஸ் பதிவு முடிந்து இந்தியாவுக்குள் இறங்கிவிட்டது என்றால், அன்றிலிருந்து பழைய மாடலின் விலை அட்டையில் "இது முடியப்போகிற மாடல்" என்று தமிழில் எழுதி வையுங்கள். அந்த மாடல் இந்தியாவில் முதலில் விற்பனைக்கு வந்த மாதத்தையும் ஆண்டையும் எல்லா அட்டையிலும் போடுங்கள். உங்கள் டி-ஷர்ட் போட்டு நிற்கிறவர்களுக்கு இந்தத் தகவலை முதலில் கொடுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி கொடுங்கள்.

வாங்கிய 45 நாளுக்குள் அதே மாடலின் விலை குறைந்தாலோ அதன் இடத்தில் புதியது வந்தாலோ, வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுங்கள். தவணையில் இருப்பவர்களுக்கு மீதித் தவணையில் கழித்தாலும் சரி.

ரேம் கூட்ட முடியுமா, எவ்வளவு வரை, எஸ்.எஸ்.டி-க்கு எத்தனை இடம், பேட்டரியும் சார்ஜரும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதைப் பெட்டியின் வெளியே, 8 ஜிபி என்று போட்ட அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள்.

நீலகிரிக்குத் திருப்பிக் கொடுக்கும் அவகாசத்தைப் பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் என்று மாற்றுங்கள். குன்னூரிலோ ஊட்டியிலோ, பழுதான லேப்டாப்பைக் கொடுத்து வாங்க ஒரு இடமாவது திறங்கள். கொடைக்கானல்காரர்களும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இறங்கித்தான் வருகிறார்கள். அவர்களையும் சேர்த்து யோசியுங்கள்.

சென்ற ஆடியில் அந்த மாடலை முழு விலைக்கு வாங்கியவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது, வாரண்டிப் பதிவில் எல்லோருடைய ஃபோன் எண்ணும் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் எட்டாயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அல்லது காலியாக விட்ட அந்த இடத்தில் ஸ்லாட் வைத்து, எட்டு ஜிபி போட்டு, வாரண்டி குறையாமல் கொடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். என் மகளுக்கு இன்னும் மூன்று வருடம் படிப்பு இருக்கிறது.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். அந்த ஆடியில் வாங்கிய மற்றவர்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். கடையில் ஒட்டி வைத்து எல்லோரும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்